மின்னலைக் குழாயில் அடைத்த மனிதர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொல்லி யூனியன் செயலாளர் அண்ணன் கேட்டபோது, காந்தியடிகளும் கலாம் ஐயாவும்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நம் மெஷின்ஸ் லேபில் மூலை அலமாரியில் இருக்கும் ஸ்ட்ரோபாஸ்கோப்போடு சம்பந்தப்பட்ட ஒருவரைப் பற்றி. பெயர் ஹரால்ட் எட்ஜர்டன். அமெரிக்கர், எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். இன்று கேமராவில் பளிச்சென்று மின்னுகிற எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் நம் கைக்கு வந்ததற்கு முக்கிய காரணம் அவர்தான்.

அவரைத் தேடிப் போக வைத்தது நான் செய்த ஒரு தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் நம் ஒர்க் ஷாப் அட்டெண்டர் ஐயா ஓய்வு பெற்றார். ஃபைலிங் பிடிக்கத் தெரியாமல் முழித்த எத்தனையோ பேருக்குக் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தவர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், அவர் தினமும் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கும் அந்த வேப்ப மரத்தடியில் வழியனுப்பு விழா. படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு. யூனியன் கேமராவும் ஃபிளாஷும் கையில் வந்த சந்தோஷத்தில், ஒரு சீனியர் அண்ணனிடம் செட்டிங் கேட்டேன். ஷட்டர் 1/200, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, ஃபிளாஷ் முழு பவர் என்றார். அப்படியே வைத்தேன். கூட்டம் நெருக்கியதால் நாலடி தூரத்தில் நின்று எடுத்தேன்.

வந்த படத்தில் ஐயாவின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. பின்னால் நடுராத்திரி இருட்டு. வேப்ப மரமும் இல்லை, ஒர்க் ஷாப் கட்டடமும் இல்லை, நாமும் இல்லை. பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருப்பதாகச் சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் அந்த செட்டிங்கில் எடுத்தது பகலில், விளையாட்டு விழாவில். என் தப்பு வேறு. சரியான விடை யாரிடமோ இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கி வைத்தால் போதும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் கிடையாது என்பதால், வெளியில் யார் எதைச் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்கிற பழக்கம். அந்தப் பழக்கத்தை உடைத்தவர்தான் எட்ஜர்டன்.

லைன் வேலை பார்த்த பையன்

எட்ஜர்டன் 1903 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் அரோரா என்ற சின்ன ஊர். சுற்றிலும் வயல்வெளி. ஸ்டுடியோ வைத்திருந்த உறவினர் ஒருவர் அவருக்குப் படம் எடுக்கவும் கழுவவும் கற்றுக் கொடுத்தார். பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்த மின்சாரக் கம்பெனியில் வேலைக்குப் போனார். லைன் வேலையும் பார்த்தார். கேமரா ஒரு கையில், கரண்ட் ஒரு கையில் என்று சொல்லலாம். இந்த இரண்டும்தான் கடைசி வரை அவரோடு வந்தன.

1925-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிக்கல் பட்டம் பெற்றார். பிறகு ஸ்கெனக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ஒரு வருஷம் பெரிய பெரிய மோட்டார்களோடு வேலை. 1926-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேல்படிப்புக்குச் சேர்ந்தார். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்க எம்.ஐ.டி.!) 1931-ல் டாக்டர் பட்டம். வாழ்நாள் முழுக்க அங்கேயே ஆசிரியராக இருந்தார். மாணவர்கள் அவரை டாக் என்றே கூப்பிட்டார்கள்.

நின்றுபோன மோட்டார்

அவர் ஆராய்ச்சி சிங்க்ரனஸ் மோட்டாரைப் பற்றியது. லோடு திடீரென்று மாறும்போது ரோட்டர் எப்படித் தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஓடுகிற ரோட்டரை எப்படிப் பார்ப்பது? சோதனைக் கருவியிலிருந்த பாதரசக் குழாய்கள் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தன. அந்த மின்னலில் பார்த்தால், ஓடுகிற ரோட்டர் அசையாமல் நிற்கிற மாதிரி தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கண் கூசுகிறது என்று திரும்பிக்கொண்டிருப்பார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்ட்ரோபாஸ்கோப் என்ற யோசனை புதிதல்ல. 1832-லேயே துளை போட்ட வட்டத்தகட்டைச் சுற்றிப் பார்க்கும் கருவி இருந்தது. எட்ஜர்டன் செய்தது, கெபாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, வாயு நிரப்பிய குழாய் வழியாக ஒரே வீச்சில் கொட்டியது. தொட்டியில் நீரை நிரப்பி மதகைச் சட்டென்று திறப்பது போல. வெளிச்சமும் பலமாகக் கிடைத்தது, நேரமும் மிக மிகக் குறைவு. இன்று கேமரா தலையில் மாட்டும் ஃபிளாஷில் செனான் குழாயும் கெபாசிட்டரும்தான் இருக்கின்றன. தத்துவம் அதேதான்.

இந்த இடத்தில் நம் லேபுக்கு வருவோம். 4 போல் இண்டக்‌ஷன் மோட்டார், 50 ஹெர்ட்ஸ், சிங்க்ரனஸ் வேகம் 1500. ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஸ்ட்ரோபாஸ்கோப்பைக் காட்டுகிறோம். நிமிஷத்துக்கு 1440 மின்னலில் கோடு நின்றால் வேகம் 1440, ஸ்லிப் 4 சதவீதம். 720-லும் கோடு நிற்கும், ஏமாந்துவிடக் கூடாது. 2880-ல் இரண்டு கோடு தெரியும். ஒரே கோடு தெரிகிற எண்களில் பெரியதுதான் நிஜ வேகம். (நிற்பது மாதிரி தெரிகிறதே என்று கையை வைத்துவிடாதீர்கள், விரல் போய்விடும்.)

அன்றைக்கு யாரோ லேப் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். வெயில் உள்ளே வந்தது. அவ்வளவுதான், நின்றிருந்த கோடு வெளுத்துப்போய், ஷாஃப்ட் முழுக்க சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிந்தது. ஜன்னலை மூடினோம், கோடு திரும்ப வந்தது. எங்கள் மெஷின்ஸ் சார் எட்ஜர்டன் பெயரைச் சொன்னது அப்போதுதான். எனக்கோ மனசெல்லாம் அட்டெண்டர் ஐயாவின் படம். ஃபிளாஷ் ஒரு வெளிச்சம், வெயில் இன்னொரு வெளிச்சம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே படமாகின்றன. எது எவ்வளவு என்று முடிவு செய்யாமல் பட்டனை அமுக்கினால் எப்படி வரும்?

பால் துளியும் ஆப்பிளும்

மோட்டாரை மட்டும் ஏன் எடுக்க வேண்டும், உலகமே அசைந்துகொண்டுதானே இருக்கிறது என்ற எண்ணத்தை அவருக்குத் தூண்டிவிட்டவர் உடன் இருந்த சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். அதன் பிறகு எட்ஜர்டன் குழாயிலிருந்து விழும் தண்ணீரை எடுத்தார். பந்தை எடுத்தார். பறந்தபடியே தேன் குடிக்கும் ஹம்மிங் பறவையை எடுத்தார். பால் துளி தட்டில் விழுந்து கிரீடம் போல எழும்புவதை எடுத்தார். அந்தக் கறுப்பு வெள்ளைப் பால் கிரீடம் 1936-ல் எடுத்தது. 1937-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படத்தைக் கண்காட்சியில் வைத்தது. எல்லாரும் பார்க்கிற அந்தக் கலர் பால் கிரீடமோ 1957-ல் எடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டுப் பாலுக்காக இருபது வருஷத்துக்கு மேல்! அவரோ கடைசி வரை, தன்னை ஒரு கலைஞர் என்று சொல்லிக்கொள்ளாமல் இன்ஜினியர் என்றே சொல்லிக்கொண்டார்.

இந்தப் படங்களில் கேமரா ஷட்டர் ஒன்றும் பெரிய வேலை செய்யவில்லை. அறையை இருட்டாக்கி ஷட்டரைத் திறந்து வைத்துவிடுவார். இருட்டில் ஃபிலிமில் எதுவும் பதியாது. மின்னுகிற அந்தக் கணம் மட்டும்தான் பதியும். துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைத்துப் போகும் புகழ்பெற்ற படம் 1964-ல் எடுத்தது. வெடிச்சத்தம் மைக்குக்கு வந்து சேர்வதை வைத்தே ஃபிளாஷை எரியவிட்டார். அந்த வெளிச்சம் இருந்த நேரம் நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒவ்வொரு சோதனையையும் நோட்டில் எழுதி வைப்பது அவர் பழக்கம். தேதி, சர்க்யூட் படம், என்ன மாற்றினோம், என்ன வந்தது எல்லாம் இருக்கும். அந்த நோட்டுகள் இன்றும் அவர் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. நம் ரெக்கார்டு நோட்டை எழுதச் சொன்னால் நாம் அழுகிறோம்!

இரவில் ஒரு பகல், அதன் பிறகு ஒரு கேள்வி

இரண்டாம் உலகப் போரில் இரவு நேரத்தில் எதிரிப் படைகளின் நடமாட்டத்தை விமானத்திலிருந்து படமெடுக்க, அமெரிக்க விமானப் படை அவரைத் தேடி வந்தது. அவர் விமானத்தில் வைக்கும் ராட்சத ஃபிளாஷைச் செய்தார். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு மேலே 1500 அடி உயரத்தில் விமானம் பறந்து மின்ன, தரையில் கேமராவோடு காத்திருந்து அதைப் படமெடுத்தார். அதே வருஷம் ஜூன் மாதம் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முந்தைய இரவுகளில் அந்த ஃபிளாஷ்தான் நிலவரத்தைக் காட்டிக் கொடுத்தது. அதற்காக அவருக்கு அரசு விருதும் கிடைத்தது.

போருக்குப் பிறகு 1947-ல், தன் பழைய மாணவர்களான ஜெர்மஸ்ஹாவ்சன், கிரையர் இருவரோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனி அமெரிக்க அணுகுண்டுச் சோதனைகளில் குண்டை நேரம் தவறாமல் வெடிக்க வைக்கும் கருவிகளைச் செய்தது. வெடிப்பின் முதல் கணங்களைப் படமெடுக்கும் கேமராக்களையும் செய்தது. சோதனை நடந்த பசிபிக் தீவுகளில் ஜனங்கள் சொந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பெரிய மனிதர் என்று எழுத உட்கார்ந்துவிட்டு இதை மறைத்தால் நியாயமில்லை. பால் துளிக்கும் அணுகுண்டுக்கும் ஒரே கை, ஒரே திறமை. நாளைக்கு நாமும் ஏதாவது கம்பெனியில் வேலைக்குச் சேருவோம். என்ன செய்கிறோம் என்பதோடு எதற்குச் செய்கிறோம் என்றும் கேட்கத் தெரிய வேண்டும். அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டதில் இதுவும் ஒன்று.

கடலுக்கு அடியில் ஃபிளாஷ்

1953 முதல் பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோவோடு சேர்ந்தார். சூரிய வெளிச்சமே போகாத ஆழத்தில் படமெடுக்கும் ஃபிளாஷையும் கேமராவையும் செய்து கொடுத்தார். கப்பலில் இருந்தவர்கள் அவருக்குப் பாப்பா ஃபிளாஷ் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். பாப்பா என்றால் பிரெஞ்சில் அப்பா! கடல் தரையை ஒலியால் பார்க்கும் சைட் ஸ்கேன் சோனார் வளர்ந்ததிலும் அவர் பங்கு பெரிது. 1862-ல் மூழ்கிய மானிட்டர் என்ற போர்க்கப்பலை 1973-ல் கண்டுபிடித்த குழுவிலும் இருந்தார். அதே 1973-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. அவர் படங்களை வைத்து 1940-ல் வந்த ஒரு குறும்படம் ஆஸ்கர் கூட வாங்கியது.

1968-ல் ஓய்வு பெற்ற பிறகும் லேபுக்கு வருவதை அவர் விடவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் தன் படம் போட்ட தபால் அட்டையைக் கொடுத்து அனுப்புவார். 1990 ஜனவரி 4 அன்று, 86-வது வயதில், கல்லூரி வளாகத்திலேயே மதியச் சாப்பாட்டு நேரத்தில் உயிர் பிரிந்தது. அரோராவில் இன்று அவர் பெயரில் குழந்தைகளுக்கான அறிவியல் மையம் இருக்கிறது.

நானே செய்து பார்த்த சோதனை

எட்ஜர்டன் வழியில் நானும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். டிரான்ஸ்ஃபார்மருக்கு ஓ.சி. டெஸ்டும் எஸ்.சி. டெஸ்டும் தனித்தனியாகச் செய்கிறோம் அல்லவா? ஒன்றில் கோர் லாஸ், ஒன்றில் காப்பர் லாஸ். பிறகு இரண்டையும் சேர்த்து எஃபிஷியன்சி கணக்கு. வெளிச்சத்துக்கும் அதே முறை.

முதல் டெஸ்ட், ஃபிளாஷ் இல்லாமல் இயற்கை வெளிச்சம் மட்டும். சாயங்காலம் விடுதி வாசலில் நண்பனை நிறுத்தி, ஷட்டரை மட்டும் மாற்றி மாற்றி எடுத்தேன். பின்னால் மரமும் வானமும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதில் வருகிறது என்று குறித்தேன்.

இரண்டாவது டெஸ்ட், இருட்டறையில் ஃபிளாஷ் மட்டும். இங்கே ஷட்டரை 1/60 வைத்தாலும் 1/200 வைத்தாலும் முகத்தின் வெளிச்சம் மாறவே இல்லை! ஃபிளாஷ் இருப்பதே நொடியில் ஏறக்குறைய 1000-ல் ஒரு பங்கு நேரம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் அது வந்து போய்விடுகிறது. முகத்தை மாற்றுவது எஃப் எண், ஐ.எஸ்.ஓ., ஃபிளாஷ் பவர், தூரம் இவைதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. தூரத்தையும் எஃப் எண்ணையும் பெருக்கினால் வருவது கைடு நம்பர். ஃபிளாஷ் பெட்டியில் 28 என்று போட்டிருந்தது. நான் அளந்து பார்த்ததில் 20-தான் வந்தது. கடன் வாங்கிய செட்டிங் ஏன் வேலைக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. (எங்கள் கேமராவில் ஷட்டர் 1/200-க்கு மேல் போனால் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது. அந்த எல்லை கேமராவுக்குக் கேமரா வேறுபடும். உங்களுடையதை நீங்களே பாருங்கள்.)

மூன்றாவது, இரண்டையும் சேர்ப்பது. பின்னணிக்கு ஷட்டர், முகத்துக்கு ஃபிளாஷ். முதலில் பின்னணியை வைத்துக்கொண்டு, அதன்மேல் ஃபிளாஷைச் சேர்க்க வேண்டும். ஆள் அசைந்தால், ஃபிளாஷ் பிடித்த உருவம் தெளிவாகவும் இயற்கை வெளிச்சம் பிடித்த உருவம் நிழல் மாதிரி கலங்கியும் வரும். ஜன்னல் திறந்த லேபில் பார்த்த அதே சாம்பல் பட்டை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மாற்றியதை உடனே எழுத வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

என் பழைய படத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைடு நம்பர் 20, எஃப் 8 என்றால் ஃபிளாஷ் கேட்ட தூரம் இரண்டரை மீட்டர். நான் நின்றது அதில் பாதி. முகத்தில் நாலு மடங்கு வெளிச்சம். பின்னணிக்கோ, பொழுது சாய்ந்த நேரத்தில் 1/200 எந்த மூலைக்கு?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அட்டெண்டர் ஐயா ஊருக்குப் போனேன். அந்த வேப்ப மரத்தை அங்கே கொண்டுபோக முடியாது. ஆனால் அவர் வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம் இருந்தது. திண்ணையில் உட்காரச் சொன்னேன். அவர் வீட்டம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் வரை காத்திருந்தேன். ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, ஷட்டர் 1/60, ஃபிளாஷ் பதினாறில் ஒரு பங்கு, தூரம் இரண்டரை மீட்டர். இரண்டரை மீட்டரை நிஜமாகவே டேப் வைத்து அளந்தேன். அவர் சிரித்துவிட்டார், ஒர்க் ஷாப்பில் அளக்காமல் அறுத்ததற்கு என்னைத் திட்டியவர் அல்லவா!

படத்தில் இரண்டு பேர் முகமும் இருக்கிறது, முருங்கை மரமும் இருக்கிறது, அதற்குப் பின்னால் கொஞ்சம் சிவந்த வானமும் இருக்கிறது. இந்த முறை அவர் கையில் கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பழைய படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினார்.

நண்பர்களே, மேலே எழுதிய எண்களை நீங்கள் காப்பி அடிக்காதீர்கள். அது என் ஃபிளாஷ், அந்த ஊர், அந்தச் சாயங்காலத்தின் கணக்கு. உங்கள் கணக்கை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேட்க ஆள் இல்லாத வீட்டிலிருந்து நம்மில் நிறைய பேர் வந்திருக்கிறோம். ஆனால் கருவியைக் கேட்கலாம், வெளிச்சத்தைக் கேட்கலாம். பொறுமையாக அளந்து எழுதிக்கொண்டு போனால் அவை பதில் சொல்லும். நாற்பது பக்க நோட்டில் இன்னும் பாதி காலியாக இருக்கிறது. யூனியன் கேமரா அறையில் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்து உங்கள் கணக்கையும் எழுதுங்கள்.